திருகோணமலையில் வீடு வாங்கிக் குடியேறுவது: நகரமா, நிலாவெளிப் பக்கமா?

வெள்ளவத்தைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். நானும் மனைவியும் வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி பிளாட்டில் இருக்கிறோம், லிஃப்ட் இல்லை, மாமியாருக்கு இனிப் படி ஏறி இறங்க ஏலாது, எனக்கும் ஓய்வு கிட்டிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். பிளாட்டை விற்றுவிட்டுத் திருகோணமலைக்கே வந்துவிடலாம் என்று இருவரும் முடிவெடுத்தாயிற்று. ஊர் எங்களுக்குப் புதிதல்ல, கோணேசர் கோயிலுக்கு அடிக்கடி வருகிறவர்கள்தான். ஆனால் விடுமுறைக்கு வந்து உப்புவெளியில் தங்கிப் போவதும், மாரியும் கோடையும் அங்கேயே இருந்து பார்ப்பதும் ஒன்றல்லவே.

நகருக்குள் உவர்மலைப் பக்கம் ஒரு பழைய வீடு விற்பனைக்கு இருக்கிறது. நிலாவெளிக்குப் போகிற வழியில் அலஸ்தோட்டத்தில் ஒன்று பார்த்தோம். நிலாவெளியில் கடலை ஒட்டியே ஒரு காணி காட்டினார்கள், விலையும் மற்ற இரண்டையும் விடக் குறைவு, மனைவிக்கு அதில்தான் ஆசை. தரகர் "இப்போதைக்கு பெமிட்தான், உறுதி பிறகு எடுக்கலாம்" என்கிறார், அதாவது கையில் இருப்பது அரச அனுமதிப்பத்திரம், உரிமைப் பத்திரம் பிறகுதானாம். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள், எங்கே வாங்கலாம், எதைக் கவனிக்க வேண்டும், முக்கியமாக, வயதான காலத்தில் அந்த ஊரில் இருப்பது எப்படி இருக்கும்? நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

உவர்மலைப் பிள்ளை:

வாங்கோ அண்ணா. பிறந்து வளர்ந்து, கலியாணம் கட்டியும் இந்த ஊரை விட்டுப் போகாதவள் நான், அதனால் கொஞ்சம் பக்கச்சார்பாகத்தான் எழுதுவேன்.

எங்கள் நகரம் இரண்டு கடலுக்கு நடுவே கிடக்கிறது. காலையில் டச்சு வளைகுடாப் பக்கம் போனால் சூரியன் கடலிலிருந்து எழும்பி வரும், பின்னேரம் உட்துறைமுக வீதிக்கு நடந்தால் அதே சூரியன் துறைமுகத்துக்கு அப்பால் மலைகளுக்குப் பின்னால் இறங்கும். இரண்டுக்கும் நடந்தே போகலாம். இப்படி ஒரு வசதி இலங்கையில் வேறெந்த ஊரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பின்னேரத்தில் கடற்கரையில் பாதி ஊர் நிற்கும், பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், கச்சான் விற்கிறவர் சுருள் சுற்றிக் கொடுப்பார், யாராவது ஒரு தெரிந்த முகம் வந்து பக்கத்தில் குந்தும். உங்கள் மாமியாரைக் கதிரையோடு கூட்டிக்கொண்டு வந்தாலும் பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது.

பிறகு மான்கள். பிரட்ரிக் கோட்டைக்குள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், ஆனால் அவை நகருக்குள்ளும் உலாவும். கடற்கரைப் பக்க வீதிகளில் வீட்டுக் கேற் திறந்திருந்தால் உள்ளே வந்து செவ்வரத்தை இலையை நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடித்து, ஆள் வந்தால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்னும். பூக்கன்று வளர்க்க ஆசை என்றால் உயரமான வேலி போடுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஷொப்பிங் பையில் சாப்பாட்டு மிச்சத்தைக் கட்டி வெளியே வைக்காதீர்கள். அவை பையோடு சேர்த்து விழுங்குகின்றன, மனம் பொறுக்குதில்லை.

சிவராத்திரியை அடுத்து கோணேசர் நகர்வலம் வருவார், ஒவ்வொரு வாசலிலும் நிறைகுடம் வைத்து ஊரே விழித்திருக்கும். அந்த நாட்களில் உங்கள் வீடு வீதியோரமாக இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். மாமியாரின் வயதை நினைத்தால் நான் நகரத்தைத்தான் சொல்வேன். பொது வைத்தியசாலை கிட்ட, சந்தை கிட்ட, கொழும்புக்கு இரவு ரயிலேற ஸ்டேஷன் கிட்ட. நிலாவெளியிலிருந்து நடுச்சாமத்தில் ஓட்டோ தேடுகிற வேலை உங்களுக்கு வேண்டாம்.

சீமெந்தும் மணலும்:

தம்பி என்று நினைத்தாலும் சரி, மேசன் வேலை பார்த்துக் கொந்தராத்து எடுக்கிறவன். ஐயா, கடற்கரை வீட்டை வாங்குமுன் கூரைக்கும் தூணுக்கும் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பிளேற்றின், அதாவது கொங்கிரீட் தட்டின், அடிப்பக்கம் வெடித்து, செம்மண்ணிறக் கறை கோடாக ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கிவிட்டது என்று அர்த்தம். மேலே பெயின்ற் அடித்து மறைத்திருப்பார்கள், அதனால் சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வந்தால் விலையைப் பற்றியே பேசாமல் வெளிக்கிடுங்கள். கிட்ட இருக்கிறதே என்று கடல் மணலைக் கலந்து கட்டிய வீடுகள் உண்டு. கடல் மணலில் உள்ள உப்பு கம்பியை உள்ளிருந்தே தின்னும். கட்டுவதானால் ஆற்று மணல்தான், மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற பக்கத்து மணல் இங்கே கிடைக்கும், அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் வாங்குங்கள்.

கம்பிக்கு மேல் கொங்கிரீட் தடிப்பாக இருக்க வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. ஜன்னலுக்கு அலுமினியம் அல்லது நல்ல மரம். பிணைச்சல், கொண்டி, பூட்டு எல்லாம் பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு. சாதாரண இரும்புப் பூட்டு கடலோரத்தில் ஒரு மாரி தாண்டினால் திறப்பு சுற்றாது. கூரைக்கு ஓடு நல்லது, ஆனால் வாடைக்காற்று நேரே அடிக்கிற இடத்தில் ஓடுகளை இறுக்கிக் கட்ட வேண்டும். 2020 மார்கழியில் புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கேதான் கரையேறியது, வயதானவர்கள் 1964 புயலை இன்னும் சொல்வார்கள்.

தண்ணீர்தான் பெரிய கதை. மணற்பாங்கான காணியில் மழைத்தண்ணீர் கீழே இறங்கி உவர்த்தண்ணீருக்கு மேல் மிதந்து கிடக்கும். ஆழம் குறைந்த கிணற்றில் அளவாக அள்ளினால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டுக் குழாய்க்கிணறு ஆழமாக இறக்கி மோட்டரைப் போட்டு இழுத்தால் உவர் மேலே ஏறிவிடும், பிறகு இறங்கச் சுணங்கும். கிணற்றுத் தண்ணீரைப் புரட்டாதியில் வாயில் விட்டுப் பாருங்கள், மழைக்கு முந்தி. தை மாதத்தில் எல்லாக் கிணறும் இனிக்கும். கந்தளாய்க் குளத்துக் குழாய்த்தண்ணீர் அந்த ஒழுங்கைக்கு வருகிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள்.

நிலாவெளி நானா:

தங்கச்சி நகரத்தைப் பற்றி எழுதியது எல்லாம் உண்மை, ஆனால் எங்கள் பக்கத்தை ஓட்டோ கிடைக்காத ஊராக மட்டும் விட்டுவிடக் கூடாது. நான் நிலாவெளியில் இருக்கிறேன், கடலில் இருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே.

சித்திரைக்குப் பிறகு கடல் படிந்துவிடும். விடியப் போய் நின்றால் கரைவலை இழுப்பார்கள். தோணி அரைவட்டமாக வலையை விட்டுக்கொண்டு திரும்பி வர, இரண்டு தலைப்பிலும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து, ஒரே ஓசையில் குரல் கொடுத்து, குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னால் பின்னால் போவார்கள், கடைசி ஆள் கயிற்றைச் சுருட்டிவிட்டு மறுபடி முன்னுக்கு ஓடுவார். மடி கரைக்குக் கிட்ட வரும்போது தண்ணீரே கொதிக்கிற மாதிரி இருக்கும். நெத்தலி, சூடை, கீரி, நடுவில் ஒன்றிரண்டு பாரை, கணவாய். அங்கேயே கூறு போடுவார்கள். கைகொடுத்து இழுத்தவனை வெறும் கையோடு போக விடமாட்டார்கள். அந்த நெத்தலியைத் தலை கிள்ளி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரித்து, கிண்ணியாத் தயிரும் சோறுமாகச் சாப்பிட்டுப் பாருங்கள், வெள்ளவத்தை உங்களுக்கு நினைவுக்கே வராது. கடல் தெளிந்த காலத்தில் பேரப்பிள்ளைகள் வந்தால் புறாத்தீவுக்குப் படகில் கூட்டிப்போகலாம், அது தேசியப் பூங்கா, டிக்கெட் உண்டு, பவளப்பாறையை மிதிக்காமல் நீந்தச் சொல்லிக் கொடுங்கள்.

ஆனால் அண்ணன், கடலை ஒட்டிய காணி வேண்டாம். 2004 மார்கழி 26 அன்று இந்தக் கரையில் என்ன நடந்தது என்பதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். அதற்காகக் கடலை வெறுக்கவில்லை, அதே கரையில்தான் இன்றும் தொழில். ஆனால் படுக்கிற இடத்தைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் மேட்டில் வைத்துக்கொள்கிறோம். ஐந்து நிமிடம் நடந்து போய்ப் பார்க்கிற கடல் போதும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அனலாக அடிக்கும்போதும் உள்ளே நாலு தென்னையும் ஒரு வேம்பும் உள்ள காணிதான் உயிரைக் காப்பாற்றும், வெறும் கரையில் நிழல் ஏது? சீசனில் ஹோட்டல் பாட்டுச் சத்தமும் கரையோரத்தில்தான் கூட.

காணிக் கந்தோர்:

காணி விடயங்களில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பெமிட் பற்றிக் கேட்டீர்கள், அதை முதலில் முடித்துவிடுகிறேன். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் என்றால் காணி இன்னும் அரசினுடையது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. "பிறகு உறுதி எடுக்கலாம்" என்று சொல்லிக் காசை வாங்குகிறவர் உங்களுக்கு விற்பது வெறும் வாய்ச்சொல். இந்தக் காணி விலை குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

இரண்டாவது, கடலோரம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை கரையோர வலயம். அதற்குள் வீடு கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும், உள்ளூராட்சி சபையின் கட்டட அனுமதி மட்டும் போதாது. அனுமதி இல்லாத மதிலைப் பார்த்து "இவர்கள் கட்டியிருக்கிறார்களே" என்று நீங்களும் கட்டாதீர்கள்.

மூன்றாவது, எங்கள் மாவட்டத்தில் அடிக்கடி வருகிற சிக்கல். யுத்த காலத்தில் ஊரை விட்டுப் போனவர்களின் காணிகள் நிறைய. உறுதி லண்டனிலோ கனடாவிலோ ஒரு பெட்டிக்குள் கிடக்கும், இங்கே வேறொருவர் குடியிருந்து, தாங்களாகவே "இது எங்கள் காணி" என்று அறிவித்து ஒரு உறுதி எழுதி வைத்திருப்பார்கள். அதை மட்டும் நம்பிக் காசு கட்டக் கூடாது. நீங்களே தெரிவு செய்த நொத்தாரிசை, அதாவது உறுதி எழுதுகிற சட்டத்தரணியைக் கொண்டு காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத்துக்குத் தேடுதல் போடுங்கள். பரம்பரையாக வந்த முதுசக் காணியென்றால் எல்லாப் பங்காளிகளும் ஒப்பமிட வேண்டும், வெளிநாட்டில் உள்ள தங்கச்சி உட்பட. நில அளவையாளரைக் கூட்டிப்போய் எல்லைக் கல்லைக் கண்ணால் பாருங்கள். பேர்ச்சஸ் கணக்கு உறுதியில் ஒன்றும் நிலத்தில் ஒன்றுமாக இருப்பது சாதாரணம், 160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர், நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம், அது வாங்குபவர் தலையில். பிள்ளைகளின் பெயரிலேயே நேரே வாங்க நினைத்தால், அவர்கள் இலங்கைக் குடியுரிமையை விட்டிருந்தால் முடியாது, இரட்டைக் குடியுரிமை இருந்தால் முடியும்.

வெள்ளவத்தைவாசி:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. நிலாவெளிக் காணியை விட்டுவிட்டோம், மனைவிக்குக் கொஞ்சம் கவலைதான், ஆனால் நானாவின் பதிலை வாசித்துக் காட்டினேன், "உள்ளே நாலு தென்னையோடு ஒரு வீடு பார்" என்கிறா. உவர்மலை வீட்டையும் அலஸ்தோட்டத்து வீட்டையும் மறுபடி பார்க்க வருகிறோம். வாங்குமுன் ஒரு வாடகை வீட்டில் இருந்து பார்ப்பது நல்லதா?

உவர்மலைப் பிள்ளை:

கட்டாயம் அண்ணா. ஐப்பசியில் வாங்கோ, தை மட்டும் இருங்கோ. எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது, எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்த அயலவர் குடையோடு வந்து எட்டிப் பார்க்கிறார் என்பதெல்லாம் மாரியில்தான் தெரியும். கடல் அந்த மாதங்களில் சாம்பல் நிறமாக இரைந்துகொண்டு கிடக்கும், சுற்றுலாக்காரர் ஒருவரும் இருக்கமாட்டார்கள், எனக்கு ஊர் மிகவும் பிடிப்பது அப்போதுதான். வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் சொல்லுங்கோ, மாமியாருக்குப் படி இல்லாத வீடாக விசாரித்து வைக்கிறேன்.