இரு குதிரைத் தடுப்பு: என் தவறு ஐந்தாம் நகர்த்தலிலா, ஏழாம் நகர்த்தலிலா?

கேள்வி:
அலுவலக நண்பருடன் கறுப்புக் காய்களில் சதுரங்கம் ஆடிய நான் பத்தே நகர்த்தல்களில் தோற்றேன். இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 குதிரை எஃப்6 என்று, 'இரு குதிரைத் தடுப்பு' என்னும் தொடக்க முறையில் ஆட்டம் தொடங்கியது (எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்; ஒவ்வோர் இணையிலும் முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு). நான்காவதாக அவர் குதிரையை ஜி5-இல் வைத்தார். நான் டி5 ஆட, அவர் சிப்பாய் அதை வெட்டியதும் குதிரையால் திருப்பி வெட்டினேன். அவர் எஃப்7-இல் குதிரையைப் பலிகொடுத்து, என் ராஜா அதை வெட்டியபின் ராணியை எஃப்3-க்குக் கொண்டுவந்து செக் வைத்தார். ராஜாவை நடுப்பலகைக்கு அனுப்ப அஞ்சி ஜி8-இல் ஒதுக்கினேன். டி5-இல் என் குதிரையும் ராணியும் போய், இ6-இல் மேட். எங்கே பிழைத்தேன்?

மறுமொழி 1:
ஆட்டத்தை முடித்தது ஏழாவதுதான். டி5 குதிரையை பிஷப்பும் ராணியும் சேர்ந்து தாக்குவதால், அதை விடாமல் காக்க ராஜா இ6-க்கே வந்தாக வேண்டும். பிறகு வெள்ளைக் குதிரை சி3-க்கு வரும். நீங்கள் சி6 குதிரையை பி4-க்கு நகர்த்தித் தாங்கலாம். ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை கூடுதல் என்றாலும், ராஜா நடுத்தெருவில் நிற்கும் அந்த நிலையை நேரில் காப்பது கடினம். ('வறுத்த ஈரல்' என்று இந்தத் தாக்குதலுக்குப் பெயரிட்டவர்கள் கறுப்பின் மீது இரக்கம் கொண்டவர்கள் அல்லர்.) வேர் ஐந்தாம் நகர்த்தலில் இருக்கிறது: டி5-ஐத் திருப்பி வெட்டாமல் சி6 குதிரையை ஏ5-க்கு அனுப்பி பிஷப்பைத் தாக்குங்கள். பிஷப் பி5-இல் செக் வைத்தால் சி6. வெள்ளை அதை வெட்ட, பி சிப்பாயால் நீங்கள் வெட்டுவீர்கள். ஒரு சிப்பாய் குறைந்தாலும் உங்கள் காய்கள் விரைவாக வெளிவரும். வெள்ளை பிஷப் இ2-க்குப் பின்வாங்கி, நீங்கள் எச்6 ஆடும்போது வெள்ளைக் குதிரை எஃப்3-க்குத் திரும்புவதே வழக்கம். 1963-இல் கிராண்ட்மாஸ்டர் பிஸ்கையருக்கு எதிராக பாபி ஃபிஷர் அந்தக் குதிரையை எச்3-க்கு நகர்த்தி, முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸின் பழைய எண்ணத்துக்கு உயிர் கொடுத்தார்.

மறுமொழி 2:
இவ்வளவையும் மனப்பாடம் செய்வதைவிட, மூன்றாவதாக பிஷப்பை சி5-இல் வைப்பது எளிது என்பது என் கருத்து. டி8 ராணியின் பாதை திறந்திருப்பதால் ஜி5-க்கு வரும் குதிரை வெட்டுப்படும். பதிலுக்கு பி4 என்று ஒரு சிப்பாயைப் பலிகொடுக்கும் எவன்ஸ் பலியாட்டத்தைச் சந்திக்க நேரலாம். அது வேறு தலைவலி.

கேட்டவர்:
ஏ5-ஐயே முயல்கிறேன். ஆனால் எட்டாவதாக அவர் பிஷப்பைப் பின்வாங்காமல் ராணியை எஃப்3-க்குக் கொண்டுவந்தால்?

மறுமொழி 1:
யானையை பி8-இல் வையுங்கள். அது பி5 பிஷப்பைத் தாக்கும். அவர் சி6 சிப்பாயை வெட்டினால் இரண்டு சிப்பாய்கள் குறையும். ஆனால் இரு பிஷப்புகளும் உங்களிடம் இருக்க, அவர் இன்னும் கோட்டை கட்டியிருக்க (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்தி ராஜாவைப் பாதுகாத்திருக்க) மாட்டார்.