ஸ்பெல் ஷீட்டை வைத்து ஆடிய சண்டைகள்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடி டிஎம்

ஆன்லைனில் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு) ஆடுகிறவர்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இத்தனை பேர் இருப்போம் என்று நான் நினைக்கவே இல்லை. ஸ்பெல் (மந்திரம்) போடும் கேரக்டரை, அதன் விவரமெல்லாம் இருக்கும் டிஜிட்டல் ஷீட்டில் வைத்து ஆடியபோது எந்தச் சண்டையில் ஷீட் கைகொடுத்தது, எதில் காலை வாரியது என்று ஆளுக்கு ஒன்று எழுதுங்கள். விதிகளைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம், நடந்த கதையைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

எங்கள் குழு ஆடுவது ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகத்து விதிகள், பவுண்ட்ரி என்ற மென்பொருளில். டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன், நான். சண்டை நடந்த இடம் நமக்குத் தெரிந்த இடம்தான். வேலூர்க் கோட்டையை மனதில் வைத்து அகழி, இரட்டை மதில் எல்லாம் போட்டு ஒரு மேப் வரைந்திருந்தேன். வெளி மதில்மேல் எலும்புக்கூடுகள் வரிசையாக வருகின்றன. எங்கள் விஸார்ட் (புத்தகம் வைத்து மந்திரம் போடுகிறவர்) ஐந்தாம் லெவல், இன்டெலிஜென்ஸ் 18. அவர் முறை வந்ததும் ஸ்பெல் பக்கத்தைத் திறந்தார். திறந்தவர் திறந்தவர்தான், ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டே இருந்தார்.

காரணம் எளிது. விஸார்டுக்கு முதல் லெவலில் ஸ்பெல்புக்கில் 6 ஸ்பெல், அப்புறம் லெவலுக்கு 2. ஐந்தாம் லெவலில் அதுவே 14. வழியில் கிடைத்த சுருள்களிலிருந்து எழுதிக்கொண்டவை, கேன்ட்ரிப்கள் (எத்தனை தடவை வேண்டுமானாலும் போடும் சின்ன ஸ்பெல்கள்) எல்லாம் சேர்ந்து பட்டியல் நீண்டுவிட்டது. ஆனால் அன்றைக்குத் தயாராக வைத்திருக்க முடிந்தது லெவல் 5, இன்டெலிஜென்ஸ் 18 தரும் போனஸ் 4, ஆக 9 மட்டுமே. பயன்படாததும் பயன்படுவதும் ஒரே பட்டியலில் கலந்து கிடந்தன. குரல் சாட்டில் ஒருவர் டீ போடவே போய்விட்டார்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த ஷீட்டை ஒழுங்கு செய்தோம். தயார் செய்தவை மட்டும் தெரியும்படி ஃபில்டர் போட்டோம். ஆனால் அதில் ஒரு விஷயம் மறைந்துவிடும். விஸார்ட் ரிச்சுவல் (சடங்கு) ஸ்பெல்களைத் தயார் செய்யாமலே, ஸ்பெல்புக்கில் இருந்தால் போதும், 10 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஸ்லாட் (ஓய்வெடுக்கும் வரை ஸ்பெல் போட இருக்கும் இருப்பு) செலவில்லாமல் போடலாம். ஃபில்டர் போட்டால் டிடெக்ட் மேஜிக், ஐடென்டிஃபை எல்லாம் கண்ணிலேயே படாது. கண்ணில் படாத ஸ்பெல்லை யாரும் போடமாட்டார்கள். அதனால் ரிச்சுவல்களை ஃபேவரிட்ஸில் தனியாக இழுத்துப் போட்டோம்.

இன்னொன்று, அவர் எவோகேஷன் பிரிவு விஸார்ட். ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் என்ற திறன் உண்டு. ஃபயர்பால் மூன்றாம் லெவல் ஸ்பெல் என்பதால், அதோடு ஒன்று கூட்டி, அதற்குள் மாட்டும் நம் ஆட்கள் நான்கு பேர் வரை ஒரு சேதமும் இல்லாமல் தப்பலாம். ஷீட்டில் அது ஃபீச்சர் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும், ஃபயர்பால் பக்கத்தில் வரவே வராது. நாங்கள் ஃபயர்பாலின் விவரத்தில் முதல் வரியாகவே தமிழில் எழுதிவைத்தோம்: “நம்ம ஆள் 4 பேருக்கு அடி இல்லை, முதலில் பேரைச் சொல்.”

அடுத்த சண்டை அதே மதிலில். 20 அடி ஆரம் என்றால் கட்டத்துக்கு 5 அடி கணக்கில் குறுக்கே எட்டுக் கட்டம். வட்டத்தை மதில்மேல் வைத்தார், எங்கள் ஃபைட்டர் நடுவில் நிற்கிறார், பேரைச் சொன்னார், 8டி6 (ஆறு முகப் பகடை எட்டு) ஒரே தடவை எல்லாருக்கும் சேர்த்து உருட்டினார். சராசரி 28, சேவ் (தப்பிக்கும் உருட்டல்) பண்ணித் தப்பியவற்றுக்குப் பாதி, 14. எலும்புக்கூட்டின் உயிர் 13. அன்றைக்கு விழுந்ததும் சராசரிக்கு மேல்தான். மதில் காலி. ஃபைட்டர் ஆடியவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஒழுங்கான ஷீட் இருந்தால் அந்த ஒரு முறை எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் மொத்தக் குழுவும் பார்த்தது.

குடியாத்தம் வார்லாக்

அண்ணா, அருமை. நான் இரண்டு கிளாஸ் கலந்த கேரக்டர்: பாலடின் 2 லெவல், வார்லாக் 3 லெவல். இந்தச் சேர்க்கையை ஷீட்டில் ஏற்றுவதே தனி வேலை.

வார்லாக்கின் பேக்ட் ஸ்லாட் மற்ற ஸ்லாட்டுடன் கலக்காது. மூன்றாம் லெவல் வார்லாக்குக்கு இரண்டாம் லெவல் ஸ்லாட் 2, சின்ன ஓய்விலேயே திரும்பி வந்துவிடும். இரண்டாம் லெவல் பாலடினுக்கு முதல் லெவல் ஸ்லாட் 2, அதற்கு நீண்ட ஓய்வு வேண்டும். டிவைன் ஸ்மைட்டுக்கு (ஸ்லாட்டை எரித்து அடியைக் கூட்டும் பாலடின் திறன்) எதை வேண்டுமானாலும் எரிக்கலாம். ஷீட் இரண்டையும் தனித்தனி வரிசையில்தான் காட்டும், ஆனால் எதை எரிப்பது என்று அந்த நேரத்தில் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்ன ஓய்வு கிடைக்கும் என்று தெரிந்தால் பேக்ட் ஸ்லாட்டை முதலில் எரிப்பேன். கிடைக்காது என்றால் நேர்மாறு.

எங்கள் சண்டை காய்ந்த ஆற்று மணலில். பாலாறு மாதிரியே அகலமான ஆறு, தண்ணீர் ஒரு ஓரத்தில் மட்டும். முதல் சண்டை முடிந்து ஒரு மணி நேரம் உட்காரலாம் என்றார் டிஎம். குழுவில் ஒருவர் அவசரத்தில் லாங் ரெஸ்ட் பட்டனை அழுத்திவிட்டார். உயிர், ஸ்லாட், எல்லாம் நிறைந்துவிட்டன. நல்ல வேளை, ஓய்வு எடுத்ததும் என்னென்ன திரும்பியது என்று சாட்டில் ஒரு செய்தி விழும். அதைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழித்துச் சரி செய்தார். இப்போது ஓய்வு என்றால் டிஎம் வாயைத் திறந்து “சின்னது” அல்லது “பெரியது” என்று சொன்ன பிறகுதான் யாரும் பட்டனைத் தொடுவது.

அப்புறம் ஹெக்ஸ் கதை. இலவசமாகக் கிடைக்கும் விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-இல் வார்லாக்கின் கதிர் ஸ்பெல்லான எல்ட்ரிச் பிளாஸ்ட் இருக்கிறது, எதிரி மேல் சாபம் போடும் ஹெக்ஸ் இல்லை. 2023 ஜனவரியில் அந்தத் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்களே, அதிலும் பழைய பட்டியல்தான். வார்லாக் ஆடுகிறவனுக்கு ஹெக்ஸ் இல்லாமல் எப்படி? என்னிடம் புத்தகம் இருந்தது, பார்த்துக் கையாலேயே உருவாக்கினேன். போனஸ் ஆக்ஷன், 90 அடி தூரம், கான்சன்ட்ரேஷன் (கவனம் கலைந்தால் ஸ்பெல் போய்விடும்), ஒரு மணி நேரம், பட்ட ஒவ்வொரு அடிக்கும் 1டி6 நெக்ரோடிக் சேதம்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கேரக்டர் லெவல் 5 ஆனதும் எல்ட்ரிச் பிளாஸ்டுக்கு இரண்டு கதிர். இரண்டுக்கும் தனித்தனி அட்டாக் ரோல். இரண்டும் பட்டால் ஹெக்ஸ் இரண்டு தடவை. பிளாஸ்டின் சேதத்திலேயே 1டி6-ஐச் சேர்த்து எழுதிவைத்தால் ஹெக்ஸ் போடாத எதிரிக்கும் அது விழும். அதனால் நான் ஹெக்ஸைத் தனி ஸ்பெல்லாகவே வைத்து, பட்ட பிறகு அதன் டேமேஜ் பட்டனை அழுத்துகிறேன். ஒரு கிளிக் கூடுதல்தான், கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கும்.

பாகாயம் கிளெரிக்

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி இல்லாத வாரத்தில்தான் ஆட்டம். அதனால் நடுவில் பெரிய இடைவெளி விழும், ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எனக்கு ஞாபகம்.

என் கேரக்டர் லைஃப் டொமைன் (குணப்படுத்தும் பிரிவு) கிளெரிக், ஐந்தாம் லெவல். டொமைன் ஸ்பெல்கள் எப்போதும் தயாராக இருக்கும், தயார் செய்யும் எண்ணிக்கையில் சேராது. பிளெஸ், க்யூர் வூண்ட்ஸ், லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன், ஸ்பிரிச்சுவல் வெப்பன், பீகன் ஆஃப் ஹோப், ரிவிவிஃபை என்று ஐந்தாம் லெவலுக்குள் ஆறு. தொகுப்பிலிருந்து ஷீட்டுக்கு இழுத்துப் போட்டால் இவை சாதாரண ஸ்பெல்லாகத்தான் வந்து உட்காரும். ஒவ்வொன்றையும் “எப்போதும் தயார்” என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நீங்கள் தயார் செய்யும் எண்ணிக்கையில் ஆறை அவையே தின்றுவிடும். புதிதாக கிளெரிக் ஆடும் தம்பி தங்கைகள் இதை முதல் நாளே பாருங்கள், தயவுசெய்து.

என் சண்டை: குகைக்குள் கூட்டமாக வந்து அடைத்துவிட்டார்கள். மூன்று பேருக்கு பிளெஸ் போட்டிருந்தேன். நிலைமை மோசமானதும் ஸ்பிரிட் கார்டியன்ஸ். சுற்றி 15 அடி, 3டி8. இரண்டும் கான்சன்ட்ரேஷன், ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும், பிளெஸ் அந்த நொடியே போய்விட வேண்டும். ஆனால் நாங்கள் ஆடும் மென்பொருளில் பிளெஸுக்காக மற்றவர்கள் ஷீட்டில் டிக் செய்திருந்த கூடுதல் 1டி4 அப்படியே இருந்தது. ரோக் ஆடும் தம்பி இரண்டு அட்டாக்குக்கு அதோடு சேர்த்தே உருட்டினான். “இன்னாக்கா, பிளெஸ் போயிடுச்சா? எனக்கு இன்னும் காட்டுதே” என்றான். இரண்டாவது அடி அந்த டி4-ஆல்தான் பட்டது, அதைத் திரும்ப எடுத்தோம்.

உடனே எனக்கு 26 சேதம். பாதி 13, பத்தைவிட அதிகம், அதனால் கான்சன்ட்ரேஷன் கலையாமல் இருக்க கான்ஸ்டிட்யூஷன் சேவ் 13-க்கு. சரியாக 13 விழுந்தது! கார்டியன்ஸ் நின்றார்கள். அந்தச் சண்டையை நாங்கள் ஜெயித்ததே அந்த ஒரு உருட்டலில்தான். பவுண்ட்ரியின் 5ஈ சிஸ்டத்தில் இப்போது கான்சன்ட்ரேஷனைத் தானாகவே குறித்துக்கொள்கிறது என்கிறார்கள். எங்கள் குழுவில் இன்றும் கான்சன்ட்ரேஷன் ஸ்பெல் போட்டவர் தன் டோக்கன் பெயருக்குப் பக்கத்தில் ஸ்பெல் பெயரை எழுதுவார். எல்லார் கண்ணிலும் படும்.

செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபைக்கு 300 தங்கம் மதிப்புள்ள வைரம் வேண்டும், போட்டதும் அது போய்விடும். செத்து ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும். ஷீட் ஸ்லாட்டைக் கழிக்கும். வைரத்தை, எங்கள் மென்பொருளில், கழிக்காது. நான் வைரத்தைப் பையில் தனிப் பொருளாக, எண்ணிக்கையோடு வைத்திருக்கிறேன். வார்டில் மருந்து இருப்பு பார்க்கிற மாதிரி, ஆட்டம் தொடங்கும் முன் அதை ஒரு முறை பார்த்துவிடுவேன்.

ராணிப்பேட்டை

2014, 2024 இரண்டு பதிப்பும் கலந்து கிடப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 2024 ஆகஸ்டில் டி அண்ட் டியின் அதிகாரப்பூர்வத் தளமான டி அண்ட் டி பியாண்ட், ஷீட்டில் இருக்கும் பழைய ஸ்பெல்களை 2024 வடிவத்துக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. ஆடுகிறவர்கள் கடுமையாக எதிர்த்ததும் சில நாட்களிலேயே அதைக் கைவிட்டது. எதிர்த்தது நியாயம். நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் ஸ்பெல்லை மாற்றினால் கேரக்டரே மாறிவிடும்.

எங்களுக்கு இது சண்டையிலேயே வந்தது. ஒருவர் பழைய க்யூர் வூண்ட்ஸ், 1டி8. இன்னொருவர் புதியது, 2டி8. ஒரே பெயர், ஒரே ஸ்லாட். ஸ்பிரிச்சுவல் வெப்பன் பழையதில் கான்சன்ட்ரேஷன் இல்லை, புதியதில் உண்டு. பாகாயம் அக்கா சொன்ன ஸ்பிரிட் கார்டியன்ஸோடு சேர்த்துப் போடுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சண்டையை நிறுத்திவிட்டு, எல்லாரும் 2014 என்று முடிவு செய்து, அன்றே புதியவற்றை ஷீட்டிலிருந்து எடுத்தோம். தேடும்போது இரண்டும் வரும், எந்தப் புத்தகத்திலிருந்து என்று பார்த்து இழுங்கள்.

ஆம்பூர் சார்சரர்

வேலையே ஷூ கம்பெனி ஷிப்ட், ஆடுவது போனில். சின்னத் திரையில் ஃபில்டர், ஃபேவரிட்ஸ் எல்லாம் சரிப்படவில்லை. நோட்டில் ஸ்லாட்டுக்குக் கட்டம் போட்டு அடித்துக்கொள்கிறேன். ஒரு தடவை கரண்ட் போய் டிஎம் வீட்டு மெஷினோடு சர்வரும் போய்விட்டது. டிராகன் எதிரே நிற்கிறது! என் நோட்டில் கணக்கு இருந்ததால் குரல் காலிலேயே இரண்டு ரவுண்டு ஓட்டினோம். கரண்ட் வந்ததும் அதை ஷீட்டில் ஏற்றினோம்.

ஒரு கேள்வி. ஸ்பெல் பெயரையே தமிழில் மாற்றிக்கொள்ளலாமா? எங்கள் குழுவில் ஒரு பையன் தமிழ் மீடியம், அவனுக்கு ஆங்கில விவரம் படிக்க நேரம் ஆகிறது.

காட்பாடி டிஎம்

தம்பி, பவுண்ட்ரியில் என்றால் பெயரை அப்படியே விடு. அனிமேஷன் போடும் சில மாட்யூல்கள் (பவுண்ட்ரியில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) ஸ்பெல்லின் பெயரை வைத்துத்தான் தேடுகின்றன. பெயர் மாறினால் படம் வராது. விவரத்தின் மேலே தமிழில் நான்கு விஷயம் எழுதிக்கொடு: எவ்வளவு தூரம், யார் மேல், எந்த சேவ், கான்சன்ட்ரேஷன் உண்டா. ஆங்கில விவரம் கீழே இருக்கட்டும். அந்தப் பையனின் ஸ்பெல்லிலிருந்து தப்ப எதிரி உருட்ட வேண்டிய சேவ் எண்ணையும் எழுதிவிடு: 8, ப்ரொஃபிஷியன்சி போனஸ், அவன் கிளாஸ் ஸ்பெல்லுக்குப் பயன்படுத்தும் எபிலிட்டியின் போனஸ் மூன்றையும் கூட்டினால் வந்துவிடும். உதாரணத்துக்கு, உன்னை மாதிரி சார்சரர் என்றால் அது கரிஸ்மா; ஐந்தாம் லெவலில் கரிஸ்மா 18 என்றால் 15.

கவுன்டர்ஸ்பெல், ஷீல்ட் மாதிரி ரியாக்ஷனில் போடுவதைப் பட்டியலின் மேலேயே வை. மற்ற ஸ்பெல்லுக்கெல்லாம் தன் முறை வரும்வரை யோசிக்க நேரம் உண்டு, இவற்றுக்கு இல்லை. எதிரி மந்திரவாதி கையை உயர்த்தினான் என்று நான் சொன்னதும் பையன் அதை உடனே கண்டுபிடிக்க வேண்டும். அவன் எந்த கிளாஸ் ஆடுகிறான் என்று எழுது, குறிப்புகளை நானே தட்டித் தருகிறேன்.