திசு வளர்ப்பு வாழைக்கன்று: தாய்மரத்தைச் சோதித்தார்களா என்று கேளுங்கள்

தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்தில் ஊடுபயிராக விருப்பாட்சி வைத்திருக்கிறோம். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற மலைவாழை இதுதான். வைரஸால் வரும் முடிக்கொத்து நோய் பரவி, கீழ்ப்பழனி மலையில் எத்தனையோ தோட்டங்களில் இந்த வாழை அடியோடு போய்விட்டது. அப்பா காலத்தில் அக்கம்பக்கத்தில் பக்கக்கன்று பெயர்த்து நடுவார்கள். நோயும் கன்றோடு சேர்ந்தே வந்தது.

அதனால் ஆய்வுக்கூடத்தில் பாட்டிலில் வளர்த்தெடுக்கும் திசு வளர்ப்புக் கன்றுக்கு மாறினோம். உறவில் ஒரு பெண் அப்படியொரு கூடத்தில் வேலை பார்க்கிறாள். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். கன்றின் கிழங்கை மட்டை மட்டையாக உரித்துக்கொண்டே போகிறார்கள். கடைசியில் மிஞ்சும் வெள்ளைக் குருத்து நுனியைத்தான் பாட்டிலில் வைக்கிறார்கள். "இதுல வைரஸ் இருக்காதுல்ல?" என்றேன்.

"அப்படி நம்பிடாதீங்க மாமா. தாய்மரத்துல இருந்துச்சுன்னா, அதுலருந்து வர்ற கன்னுங்களும் நோயோட வரலாம். அதான் முதல்ல இலையை எலைசா, பிசிஆர்னு வைரஸைக் கண்டுபிடிக்கிற ரெண்டு சோதனையிலயும் பார்க்கிறோம்" என்றாள்.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுனியை எடுத்தால் அதில் வைரஸ் இல்லாமல் போக வாய்ப்புண்டு. ஆனாலும் சோதித்தால்தான் உறுதி. பாட்டிலில் 8 தடவைக்கு மேல் பிரித்துப் பெருக்குவதும் கூடாதாம், ரகம் மாறிய கன்றுகள் கூடிவிடும். இதற்கெல்லாம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் சான்று முறை வைத்திருக்கிறது. கன்று வாங்குமுன் அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். விலை பேசுவது அப்புறம்.

இன்னொன்று. சுத்தமான கன்று என்றால் நோய் தாங்கும் கன்று என்று அர்த்தமில்லை. நட்ட பிறகும் வாழை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி வைரஸைக் கொண்டுவரும். மட்டை இடுக்கில் கரும்பழுப்பாக அடைந்திருக்கும், எறும்பு ஏறுகிற மரத்தில் தேடினால் சிக்கும். இலைக்காம்பில் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீறல் தெரிந்தால் நோய் வந்துவிட்டது. புது இலைகள் குறுகி, நெட்டுக்குத்தாக உச்சியில் கொத்தாக நிற்கும். உடனே வெட்டினால் அசுவினி பக்கத்து மரத்துக்குப் போய்விடும். முதலில் மருந்தடித்து அதைக் கொன்றுவிட்டு, அப்புறம் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நோய் பிடித்த பழைய தூர்கள் நின்றன. அந்த அண்ணனிடம் பேசி, அவரும் அவற்றைத் தோண்டி எடுத்த பிறகுதான் இந்த வருஷம் புதுக்கன்று இறக்கினோம்.