செத்துப்போச்சுன்னு நினைச்ச கேட்டலிஸ்ட்

பட்டறையில பார்த்ததைச் சொல்றேன். செக் என்ஜின் லைட் எரியுதுன்னு ஒரு பெட்ரோல் கார் வந்துச்சு. ஸ்கேனர் போட்டா பி0420, அதாவது புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட் சரியா வேலை செய்யலைங்கிற கோளாறு எண். கேட்டலிஸ்ட் நல்லா இருந்தா அதுக்கு முன்னால இருக்கிற ஆக்சிஜன் சென்சார் கோடு ஸ்கேனர்ல ஏறி இறங்கும், பின் சென்சார் கோடு கிட்டத்தட்ட நேரா போகும். உள்ள இருக்கிற சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைப் பிடிச்சு வச்சு விடுறதால அப்படி. இதுல முன்னது ஆடுற ஆட்டத்தைப் பின்னதும் அச்சு அசலா ஆடிச்சு.

கேட்டலிஸ்ட்டையே மாத்திடச் சொல்லிட்டாங்களாம், ஓனர் முகமே வாடிக் கிடந்தது. "அழுகின முட்டை நாத்தம் வருமா சார்?"னு கேட்டேன். "ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிச்சா வருது"ன்னார். எனக்கு அப்பவே பாதி நம்பிக்கை வந்துடுச்சு. மெலிந்த கலவையில, அதாவது காத்து கூடி பெட்ரோல் குறைஞ்சா, பெட்ரோல்ல இருக்கிற கந்தகம் கேட்டலிஸ்ட்ல சல்பேட்டா ஒட்டிக்கும். சூடும் கூடி கலவையும் செறிவானா (பெட்ரோல் கூடினா) ஹைட்ரஜன் சல்ஃபைடா, அந்த முட்டை நாத்த வாயுவா, கழண்டு வரும். நாத்தம் வருதுன்னா அழுக்கு வெளியேறுதுன்னு அர்த்தம். அவர் வண்டி தினமும் நாலு கிலோமீட்டர்தான் ஓடும், கேட்டலிஸ்ட் சூடேற வாய்ப்பே இல்ல.

புகைக்குழாய்க் கசிவு, மிஸ்ஃபயர் ரெண்டும் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, கந்தகம் குறைஞ்ச பெட்ரோல் நிரப்பி, நெடுஞ்சாலையில கியரைக் குறைச்சு அரைமணி நேரம் விரட்டினேன். முதல் பத்து நிமிஷம் மூக்கைப் பொத்திக்கிட்டுதான் ஓட்டினேன். அப்புறம் நாத்தம் அடங்கிச்சு, பின் சென்சார் கோடும் படுத்துது. ஸ்கேனர்ல பி0420-ஐ அழிச்சேன், திரும்ப வரல. (மூடின கொட்டகைக்குள்ள இதைச் செய்யாதீங்க, அந்த வாயு ஆளையே சாய்ச்சிடும்.)

— நான் என்ஜின் சோதனைக்கூடத்துல இருந்தவன். டீசல் நாக்ஸ் ட்ராப்ல (புகையில இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடைப் பிடிச்சு வைக்கிற கேட்டலிஸ்ட்) கதை வேற. பேரியத்துல ஒட்டின நைட்ரேட் 300 டிகிரி வாக்குல சில நொடி செறிவான கலவை கொடுத்தாலே போயிடும். பேரியம் சல்பேட்டோ 650 தாண்டணும், நிமிஷக்கணக்குல நிக்கணும். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறையட்டும்னு கலவையை மெலிசும் செறிவுமா மாத்தி மாத்தி விடுவோம். ஒருநாள் வெப்பத்தைக் கவனிக்காம விட்டுட்டேன், 850-ஐத் தாண்டிடுச்சு. கந்தகம் போச்சு, கூடவே பிளாட்டினத் துகளும் ஒண்ணா திரண்டு போச்சு. ட்ராப் பழைய நிலைக்கு வரவே இல்ல. அந்த வாரம் முழுக்க மேலாளர் கண்ணுல படாமத் திரிஞ்சேன்.

— எங்க லாரியில எஸ்சிஆர், அதாவது யூரியா திரவத்தைத் தெளிச்சு நாக்ஸைக் குறைக்கிற கேட்டலிஸ்ட். நாக்ஸ் கூடுதுன்னு யூரியா திரவத்தையே குறை சொல்லி ரெண்டு தடவை மாத்தினோம். கடைசியில டிபிஎஃப் ரீஜென் (கரி வடிகட்டியைச் சூடாக்கிக் கரியை எரிக்கிறது) ஓட விட்டதும் சரியாச்சு. எஸ்சிஆர்ல இருக்கிற செம்பு ஜியோலைட்ல படிஞ்ச கந்தகம் 500 டிகிரிக்கு மேல சூடு பட்டா பெரும்பகுதி இறங்கிடுமாம்.

— முதல்ல எழுதினவன்தான். அடுத்த மாசம் அதே பி0420-ஓட இன்னொரு வண்டி. நானும் பெருமையா விரட்டிப் பார்த்தேன், நாத்தமே வரல. மூணாம் நாள் லைட் திரும்ப எரிஞ்சுது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தா ஆயில் பாதிக்குக் கீழ. என்ஜின் ஆயில் குடிச்சிருக்கு, ஆயில்ல இருந்த பாஸ்பரஸ் பூச்சு மாதிரி படிஞ்சிருக்கு. அது சூட்டுக்குக் கழலாது. கேட்டலிஸ்ட்டைக் கழட்டி மாத்தினேன், பிஸ்டன் ரிங்கையும் சேர்த்து.