போர்ட்டாராப்பை (வெட்டின கொப்பை இறக்கேக்க கயிறைச் சுத்திப் பிரேக் மாதிரிப் பிடிக்கிற இரும்பு) அடிமரத்தில கட்டுறது, உங்கட அனுபவம் சொல்லுங்கோ

வெள்ளவத்தைக்காரன்:
எங்கட லேனில மதிலுக்கும் கரண்ட் வயருக்கும் நடுவில நிண்ட பலாவை இறக்கினாங்கள் (பலா எண்டபடியா பிரதேச செயலகத்தில பேர்மிட் எடுத்துத்தான்). மேல கப்பி, கீழ அடிமரத்தில போர்ட்டாராப், சாமானெல்லாம் திறம். ஆனா ஸ்லிங்கை (போர்ட்டாராப்பை மரத்தோட கட்டுற கயிறு) தொளதொளவெண்டு சுத்தி விட்டிருக்கிறாங்கள். முதல் கொப்பு விழுந்ததுதான், அந்த இரும்பு ஒரு முழம் மேல எகிறி பட்டையையும் உரிச்சுக்கொண்டு போய் நிண்டுது, பால் ஒழுகுது, கயிறு பிடிச்ச பெடியன் முன்னுக்கு இழுபட்டிட்டான். உடன எல்லாரும் சாமான் சரியில்லை எண்டு கத்துறாங்கள். கயிறு மேல போய் கப்பியில திரும்பி வருது, அப்ப கொப்பின்ட பாரம் இரும்பை மேலதானே இழுக்கும், ஸ்லிங்கில எவ்வளவு தொய்வு கிடக்கோ அவ்வளவுக்கும் அது பாயும்.

பிறகு அவங்கட மூத்த ஆள் வந்து கௌ ஹிச் (ஸ்லிங்கை மரத்தில ரெண்டு தரம் சுத்திக் கட்டுற முடிச்சு) போட்டு, நுனியை அரைமுடிச்சால பூட்டி, கயிறில ஆளே தொங்கிப் பார்த்து, இரும்பு எங்க போய் நிக்குதோ அங்கயே வச்சு திரும்ப இறுக்கினார். அதுக்குப் பிறகு அசையேல்லை.

தெஹிவளை தம்பி:
அண்ணே, எந்தப் பக்கம் கட்டினவை? அதுதான் முக்கியம். கொப்பு விழுற பக்கம் கட்டினா கயிறு பிடிக்கிறவன் அதுக்குக் கீழதான் நிக்கோணும். நாங்க எப்பவும் பக்கவாட்டிலதான், நெஞ்சளவு உயரத்தில.
பெருத்த மாரா மரமெண்டா கௌ ஹிச்சுக்கு ஸ்லிங் ரெண்டு தரம் சுத்தோணும், நீளம் காணாது, டிம்பர் ஹிச்தான் (ஒருதரம் சுத்தி நுனியை அதே ஸ்லிங்கிலயே முறுக்கிற முடிச்சு) போடுறம். அது இழுவை ஒரே பக்கமா வந்தாத்தான் இறுகும், பக்கம் மாறினா தளர்ந்திடும், அதால நுனியை அஞ்சு தரமாவது முறுக்கி மரத்தைச் சுத்திப் பரவலா விடுவம்.

கொட்டாஞ்சேனை:
2023 ஒக்டோபர்ல கொள்ளுப்பிட்டியில பஸ்ஸுக்கு மேல மரம் விழுந்து 5 பேர் செத்த பிறகு, மழை துவங்கினாலே சனம் மரம் வெட்டக் கூப்பிடுது, ஈரப்பட்டையில ஸ்லிங் வழுக்கும் எண்டு சொன்னா ஆர் கேக்கினம். எங்கட மாமா போர்ட்டாராப் ஒண்டும் இல்லாம கயிறை மரத்திலயே சுத்தி இறக்கினவர், வெட்டி விழுத்துற மரமெண்டா பரவாயில்லை, வச்சிருக்கப்போற மரமெண்டா பட்டை எரிஞ்சிடும், சொரசொரப்பில கயிறும் நடுவில இறுகி நிண்டிடும்.
தம்பி, மாரா மரத்துக்கு நீங்க எத்தின அடி ஸ்லிங் வச்சிருக்கிறீங்கள்?