தெருமுனைப் பானைத் தண்ணீர்: பர்மாவில் நாம் கண்டவை

தாம்வே அக்கா:

உறவுகளுக்கு வணக்கம். கோயிலில் கண்ட தெய்வத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ரங்கூன் அனோயாத்தா சாலைக் காளியம்மன் 1871-லிருந்து அங்கே இருக்கிறாள். அவள் சந்நிதியில் அழுது ஆறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். இன்றைக்கு நான் கேட்பது வேறு. கடைக்குப் போகிற வழியில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், பக்கத்து வீட்டு வாசலில், "இது தெய்வக் காரியம்" என்று உங்களுக்குத் தோன்றிய ஒன்றை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

எங்கள் தெருமுனை ஆலமரத்தடியில் ஒரு தண்ணீர்ப் பானை மேடை இருக்கிறது. இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, வெளியூர் உறவுகளுக்காகச் சொல்கிறேன். நாலு கால் நட்டு, மேலே சின்னதாய் ஒரு கூரை போட்டு, இரண்டோ மூன்றோ மண்பானை வைத்து, மூடிமேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்திருப்பார்கள். பர்மாக்காரர்கள் யேஓஸின் என்பார்கள். வழியோடு போகிற யாரும் எடுத்துக் குடிக்கலாம். என்ன ஊர், என்ன சாதி, என்ன மதம் என்ற பேச்சே கிடையாது.

எங்கள் தெருப் பானையை நிரப்புகிறவர் நாலாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு பர்மிய அம்மா. எழுபதைத் தாண்டியவர். விடியும்போதே இறங்கி வந்து பானையைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுவார். மிஞ்சிய பழைய தண்ணீர் ஆலமரத்து வேருக்குப் போகும். கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மாடிக்குத் தண்ணீர் ஏறாது. இங்கே சில வருஷமாக அதுதான் நம் எல்லோருடைய பிழைப்பும். அந்த மாதிரி நாளில் நாங்கள் குடிக்க ஒரு குடம், சமைக்க ஒரு குடம் என்று பார்த்துப் பார்த்துச் செலவழிப்போம். அந்த அம்மா அன்றைக்கும் வாளியோடு இறங்குவார். முதலில் பானை, அப்புறம்தான் வீட்டு அடுப்படி. "உங்களுக்கு வேண்டாமா ஆன்ட்டி?" என்று ஒருமுறை கேட்டேன். "மேலே நான் ஒருத்தி. கீழே வெயிலில் எத்தனை பேர் போறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வாளிக்குத் திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு அப்பூதி அடிகள் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். திங்களூரில் இருந்துகொண்டு, கண்ணால் பார்த்திராத திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். பெற்ற பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரையே வைத்தவர். அப்பர் அந்தப் பந்தலில் வந்து நின்று, இதை வைத்தது யார் என்று விசாரிக்கும் இடத்துக்கு வந்தேன். பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், நம்ம தெரு ஆன்ட்டி பானையிலயும் பேர் எழுதியிருக்கு. அவங்க செத்துப்போன வீட்டுக்காரர் பேராம்" என்றாள். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தோம். 7-ஆம் நூற்றாண்டில் காவிரிப் பக்கம் நடந்ததை அந்தக் குழந்தை தன் தெருவில் நடப்பதாகவே கண்டிருக்கிறாள். அத்தனை வருஷம் நான் சொல்லிக்கொடுத்த கதைக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது.

மாண்டலே தம்பி:

அக்கா, தண்ணீர் என்றதும் எனக்கு ஒரே ஒரு நாள்தான் ஞாபகம் வருகிறது. 2025 மார்ச் 28. ரமலான் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணி ஆகப் போகிறது, ஜும்மாவுக்குக் கூட்டம் கூடியிருந்த நேரம். 7.7 அளவு நிலநடுக்கம். எத்தனை பள்ளிவாசல்கள் தொழுதுகொண்டிருந்தவர்கள்மேல் சரிந்தன என்பது உங்களுக்குத் தெரியும். புத்த மடங்களும் பகோடா என்கிற புத்தர் கோயில்களும் தப்பவில்லை.

நாங்கள் மாண்டலே அரண்மனை அகழி ஓரத்துக்கு ஓடினோம். வீட்டுக்குள் திரும்பிப் போக யாருக்கும் தைரியம் இல்லை. நாற்பது டிகிரியை ஒட்டிய வெயில், நிழல் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய் ஒரு தள்ளுவண்டியில் தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு வந்தார். தொழுகைக்குப் போன அவர் அண்ணன் மகன் திரும்பி வந்திருக்கவில்லை. அந்தத் தேடலுக்கு நடுவில்தான் இந்த வண்டி. என் மகளுக்கு அவரே டம்ளரைப் பிடித்துப் புகட்டினார். அவர் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. "நீங்களும் ஒரு வாய் குடிங்க பாய்" என்றேன். நோன்பு என்பதை அந்தப் பதற்றத்தில் நான் நினைக்கவே இல்லை. "மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கு தம்பி" என்றார், அவ்வளவுதான். அடுத்த குடும்பத்திடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பொழுது சாய்ந்து அவர் நோன்பு திறந்தபோது தண்ணீர் கொடுத்தது எங்கள் அம்மா. மறுநாள் அந்தப் பையனை அடக்கம் செய்தார்கள். தெருவே போனது.

அன்றிலிருந்து சாமி கும்பிடும்போது எனக்கென்று எதையும் கேட்க வாய் வருவதில்லை.

மோல்மேன் அண்ணன்:

தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

எங்கள் தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு லட்சக்கணக்கில் இந்தியர்கள் ஊரைவிட்டு நடந்தார்களே, அதில் தாத்தாவும் ஒருவர். எல்லையில் இருக்கும் தமு ஊர் வழியாக மணிப்பூர் மலைக்கு ஏறிய கூட்டம். காலராவிலும் தாகத்திலும் விழுந்தவர்களைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தோம் என்பார், அதற்குமேல் பேச மாட்டார். ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒரு மலைக்கிராமத்தில் வழியோரம் மூங்கில் குழாய்களில் தண்ணீர் நிரப்பிச் சாய்த்து வைத்திருந்தார்களாம். வைத்தவர் ஒருவரும் கண்ணில் படவில்லையாம். யுத்தம் முடிந்து திரும்பி வந்ததும் எங்கள் வீட்டு வாசலில் பானை வைத்தார். அப்பா தொடர்ந்தார், இப்போது நான்.

லாய்ங்தாயா தங்கை:

எல்லாருக்கும் வணக்கம். நான் கார்மெண்ட் ஃபேக்டரியில தைக்கிறேன். எனக்கு ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. கூட வேலை செய்யிற பர்மாப் பிள்ளைங்க தானம் பண்ணினா குதோ கிடைக்கும், அடுத்த பிறவி நல்லா இருக்கும்னு சொல்றாங்க. நம்ம பெரியவங்களும் புண்ணியம்னுதான் சொல்றாங்க. அப்படிப் பார்த்தா அது கொடுக்கல் வாங்கல் ஆயிடாதா? அதுல தெய்வம் எங்க இருக்கு அக்கா?

தாம்வே அக்கா:

கேட்டது நல்லதும்மா. நானும் இதை யோசித்திருக்கிறேன்.

பர்மிய வீடுகளில் தானம் முடிந்ததும் என்ன செய்கிறார்கள் என்று கவனி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு பாத்திரத்தில் ஊற்றி, கிடைத்த புண்ணியம் எல்லா உயிருக்கும் சேரட்டும் என்று பங்கு வைத்துவிடுகிறார்கள். கேட்டவர்கள் "சாது, சாது, சாது" என்கிறார்கள். பகோடாவில் கும்பிட்டு முடித்து மூன்று தரம் மணி அடிப்பதும் அதற்குத்தான். ஓசை எட்டுகிற தூரத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் அதில் பங்கு. சேர்த்ததைச் சேர்த்த இடத்திலேயே இறக்கி வைக்கிறவரை எப்படி வியாபாரி என்பது? நம் சடங்கிலும் தாரை வார்த்தால் அது அதற்குமேல் நம்முடையது இல்லை. ஆசையோடு ஆரம்பிக்கிறவர்கள் இருக்கலாம். நாள்தோறும் நாலு மாடி இறங்கி ஏறுகிற காலுக்கு அந்த ஆசை வெகுநாள் தாங்காது என்றே நான் நம்புகிறேன்.

பெகு அத்தை:

தங்கச்சி கேட்டதுக்கு நான் ஒன்று சொல்றேன். எங்க மாமியார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துத் தனி டப்பாவில் போடுவாங்க. ஒரு டப்பா காலையில் வரிசையா வர்ற பொங்கிகளுக்கு, அதான் புத்த பிக்குகளுக்கு, இன்னொன்று ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச. நர்கிஸ் புயல் அடிச்ச 2008 மே மாசம் கடையெல்லாம் மூடிக் கிடந்தப்போ ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிப் பக்கத்து வீடுகளுக்குக் கஞ்சி வைச்சாங்க. "சாமி அரிசியாச்சே அத்தை"ன்னு நான் தயங்கினேன். "சாமிதாண்டி பசிச்சு உட்கார்ந்திருக்கு"ன்னாங்க. நான் படிச்ச பாடம் அது ஒண்ணுதான், வேற புஸ்தகம் எனக்குத் தெரியாது.

லாய்ங்தாயா தங்கை:

நன்றி அக்கா, நன்றி அத்தை. எங்களை ஃபேக்டரிக்குக் கூட்டிட்டுப் போற ஃபெரி வண்டி நிக்கிற இடத்துல நிழல்கூட இல்லை. நைட் ஓவர்டைம் முடிச்சு வர்ற பிள்ளைங்க தவிச்சு நிப்பாங்க. அங்க ஒரு பானை வைக்கலாம்னு ரூம்ல பேசிட்டோம். பானை எங்க வாங்கறது, எப்படிப் பார்த்து வாங்கறது?

மோல்மேன் அண்ணன்:

ஆற்றுக்கு அக்கரையில் துவாந்தே ஊர்ப் பானை இருக்கிறதே, அதுவே போதும் தங்கச்சி. மெருகு பூசாததாகப் பார்த்து வாங்கு. உள்ளிருக்கும் தண்ணீர் மண்ணில் கசிந்து வெளியே ஆவியானால்தான் குளிரும். பளபளப்பான பானை அழகாக இருக்கும், தண்ணீர் குளிராது. விரலால் தட்டிப் பார், கணீரென்று கேட்க வேண்டும். புதுப்பானையில் தண்ணீர் ஊற்றி ஊற விட்டுக் கொட்டு, மண்வாடை போகிறவரை அப்படியே செய். மூடி பொருத்தமாக இருக்கட்டும். மழைக்காலத்தில் கொசு முட்டையிட்டால் டெங்கு வரும், அதனால் நாள்தோறும் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். டம்ளரை உள்ளே முக்கக் கூடாது, நீளக் கைப்பிடி உள்ள அகப்பை ஒன்று தனியாகக் கட்டித் தொங்கவிடு. பானைச் செலவு அண்ணனுடையது. யார் பெயரை எழுதுவது என்று உங்கள் ரூம் பிள்ளைகளே முடிவு செய்யுங்கள்.