பிரான்ஸ் கிளம்புறவங்களுக்கு: இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ரெண்டு வருஷம் வேலை கத்துக்கிட்டவன் சொல்றது

லீவுக்கு பாண்டி வந்து ஒரு வாரம் ஆச்சு. முத்தியால்பேட்டைல எங்க தெருவுல இருந்தே ரெண்டு பேர் பிரான்ஸ் கிளம்புறாங்க, ரெண்டு பேரும் வந்து ஒரே கேள்வியதான் கேட்டாங்க, "அண்ணா, நீங்க இன்சூரன்ஸ்ல அல்டெர்னான்ஸ் பண்ணீங்கல்ல, நாங்களும் பண்ணலாமா"ன்னு. அல்டெர்னான்ஸ்னா படிச்சுக்கிட்டே ஒரு ஆபீஸ்ல வேலையும் பாக்கறது. தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதிடறேன், புதுசா போய் இறங்கியிருக்கற மத்தவங்களுக்கும் உதவும்.

நான் படிச்சது பேதேஎஸ் அசுரான்ஸ், அதாவது இன்சூரன்ஸ்ல ரெண்டு வருஷ டிப்ளமா. 2023 செப்டம்பர்ல சேர்ந்து 2025ல முடிச்சேன். வாரத்துல ரெண்டு நாள் கிளாஸ், மூணு நாள் பாரிஸ் பக்கத்துல ஒரு ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை. ஃபீஸ் நாம கட்ட வேணாம், சம்பளமும் உண்டு, ஆனா அது வயசை பொறுத்தது: 21ல இருந்து 25 வரைக்கும் முதல் வருஷம் ஸ்மிக்ல 53 பர்சன்ட், ரெண்டாவது வருஷம் 61 பர்சன்ட், 26 ஆயிட்டா முழு ஸ்மிக். ஸ்மிக்னா அங்க சட்டப்படி குடுக்க வேண்டிய குறைஞ்சபட்ச சம்பளம். சேரும்போது எனக்கு 24, அந்த 53 பர்சன்ட்ல பாரிஸ் வாடகை கட்ட முடியாது, சித்தப்பா வீட்டுல தங்கினதாலதான் ஓட்டினேன். இதை சொல்லாம "சம்பளத்தோட படிப்பு"ன்னு மட்டும் சொல்றது நியாயம் இல்ல. பொதுவா 30 வயசு ஆகறதுக்குள்ள கான்ட்ராக்ட் போட்டாகணும். அப்புறம் ஆபீஸ்ல வேலை செய்யற முதல் 45 நாளுக்குள்ள ரெண்டு தரப்புமே காரணம் சொல்லாம விலகிக்கலாம், அதனால அந்த நாள்லயே உங்களுக்கு நிஜமா வேலை கத்துக் குடுக்கறாங்களா, இல்ல காபி போடவும் ஜெராக்ஸ் எடுக்கவும் மட்டும் வெச்சிருக்காங்களான்னு பார்த்துக்கோங்க.

எனக்கு கஷ்டமா இருந்தது போன்தான். இங்க ஆலியான்ஸ் பிரான்சேஸ்ல பிரெஞ்சு படிச்சுட்டுதான் போனேன், பரீட்சைல நல்ல மார்க்கும் வாங்கினேன், ஆனா வீட்டுக்குள்ள தண்ணி ஒழுகிட்டு இருக்கற ஒரு ஆள் கோவத்துல வேகமா பேசும்போது பாதிதான் புரியும். எனக்கு வேலை கத்துக் குடுத்த மேடம் முதல் மூணு வாரம் என்னை பக்கத்துல உக்கார வெச்சு கேக்க மட்டும் விட்டாங்க, ஒவ்வொரு கால் முடிஞ்சதும் "அவரு என்ன சொன்னாரு, என்ன சொல்லாம விட்டாரு"ன்னு கேப்பாங்க. அந்த ரெண்டாவது கேள்விதான் முழு வேலையும்னு புரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

அது புரிஞ்சது நம்ம ஊர் விஷயத்துலதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிகிட்ட கரையை கடந்துச்சு, ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் கிட்ட மழை, ரெயின்போ நகர்ல மாமா வீட்டு கார் சீட் வரைக்கும் தண்ணியில நின்னுச்சு. நான் அங்கிருந்து போன் போட்டு "மாமா, எதுக்கும் காரை ஸ்டார்ட் பண்ணாதீங்க, அப்படியே போட்டோ எடுத்துட்டு கம்பெனிக்கு சொல்லுங்க, டோ பண்ணி எடுத்துட்டு போகட்டும்"ன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "காலைலயே ரெண்டு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன்டா"ன்னாரு. தண்ணி உள்ள போன இன்ஜினை ஸ்டார்ட் பண்ணா அது உடைஞ்சு போகும், இன்ஜினுக்குன்னு தனியா எடுக்கற கவர் இல்லாம அந்த செலவை பெரும்பாலும் குடுக்க மாட்டாங்க. மாமாகிட்ட அந்த கவர் இல்ல, பாலிசி எடுக்கும்போது யாரும் அவருக்கு அதை சொல்லவும் இல்ல. சீட்டுக்கும் வயரிங்குக்கும் காசு வந்துச்சு, இன்ஜினுக்கு வரல. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அதுக்கப்புறம் ஆபீஸுக்கு யார் பாலிசி போட வந்தாலும் எதுக்கெல்லாம் காசு வராதுங்கறதைதான் முதல்ல படிச்சு காட்டுவேன்.

இப்ப புதுசா போறவங்க விஷயம். வாடகை வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடறது அங்க சட்டம், சாவி குடுக்கும்போதே அத்தெஸ்தாசியோன், அதாவது இன்சூரன்ஸ் போட்டதுக்கான சான்று, கேப்பாங்க. மாமா வீட்டுலயோ அண்ணன் வீட்டுலயோ தங்கறீங்கன்னா அவங்க இன்சூரன்ஸ் கான்ட்ராக்ட்ல உங்க பேரும் வருதான்னு கேட்டுக்கோங்க, கூச்சப்படாதீங்க. ரூம் எண்ணிக்கையை குறைச்சு எழுதி நாலு யூரோ மிச்சம் பண்ணாதீங்க, பின்னாடி நஷ்டம் ஆகும்போது நீங்க குறைச்சு கட்டின அளவுக்கு அவங்களும் குறைச்சுதான் குடுப்பாங்க. கம்பெனி பிடிக்கலன்னா ஒரு வருஷம் முடிஞ்சதும் எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்.

தண்ணி ஒழுகினா அஞ்சு வேலை நாளுக்குள்ள சொல்லணும், திருட்டுன்னா ரெண்டே வேலை நாள். நம்ம ஆளுங்க முதல்ல ஊருக்கு போன் பண்றாங்க, அப்புறம் சொந்தக்காரங்களை கேக்கறாங்க, கடைசியாதான் ஆபீஸுக்கு வர்றாங்க. மூணு வாரம் கழிச்சு மேல் வீட்டு தண்ணியால உப்பிப்போன சுவத்தோட போட்டோவை காட்டின ஒரு அண்ணனுக்காக அந்த தாமதத்தை விளக்கி நான் எத்தனை லெட்டர் எழுதினேன்னு எனக்குதான் தெரியும்.

எல்லாத்தையும் விட முக்கியம் நகை. ரெண்டாவது வருஷம் நம்ம பாண்டி அக்கா ஒருத்தங்க வந்தாங்க, திருடனுங்க அவங்க வீடு புகுந்து எல்லா நகையையும் எடுத்துட்டாங்க, தாலிக்கொடி மட்டும் கழுத்துல இருந்ததால தப்பிச்சுது. போலீஸ்ல அக்கா அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டாங்க, ஆபீஸுக்கும் மறுநாளே வந்துட்டாங்க, ஆனா பில் ஒண்ணு கூட இல்ல. இருபது வருஷமா நேரு வீதில கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தது, அம்மா போட்டது, மாமியார் போட்டது, யாரு பில் வெச்சிருப்பா. அவங்க அழுதுட்டே தமிழ்ல சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சுல எழுதினேன், "ஆரம்"னு எழுதினா அங்க யாருக்கும் புரியாது, அதை எப்படி சொல்றதுன்னு யோசிச்சு நீளம், எடை, கல்லு எத்தனைன்னு எல்லாம் எழுதினேன். அப்புறம் கல்யாண ஆல்பத்தை கொண்டு வரச் சொன்னோம், பொண்ணோட காது குத்து போட்டோ, ஒரு வளைகாப்பு வீடியோ, அதுல இருந்து ஒவ்வொரு நகையா காட்டினோம். அதை கம்பெனில ஏத்துக்கிட்டாங்க. ஆனா அவங்க கான்ட்ராக்ட்ல நகைக்குன்னு தனியா ஒரு உச்ச வரம்பு இருந்துச்சு, அது அவங்க இழந்ததுல பாதி கூட இல்ல. அப்படி ஒரு வரம்பு இருக்கறதே அவங்களுக்கு அன்னைக்குதான் தெரியும்.

அதனால ஃபிளைட் ஏறறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்குங்க. ஒவ்வொரு நகையையும் பில்லோட போட்டோ எடுங்க, பில் இல்லன்னா கடையில எடை போட்டு ஒரு சீட்டு வாங்கிக்கோங்க, போட்டோவை உங்க போன்ல மட்டும் வெக்காம மெயில்லயும் போட்டு வெச்சுக்கோங்க, அங்க போனதும் கான்ட்ராக்ட்ல நகைக்கு எவ்வளவு வரைக்கும்னு கேட்டு எழுதி வாங்குங்க.

நேத்து எங்க அம்மா பீரோவுல இருந்து மஞ்சப்பையை எடுத்து கொட்டினாங்க, 1998 பில் எல்லாம் மை மங்கிப்போய் கிடக்குது. பதினோரு நகை முடிஞ்சுது, மிச்சத்தை நாளைக்கு பகல் வெளிச்சத்துல எடுக்கணும். இன்னும் பத்து நாள் இங்கதான் இருப்பேன், கான்ட்ராக்ட் கையில இருக்கறவங்க புரியாத பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க, பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு, படிச்சு சொல்றேன்.